இளைப்பாற்றிப் பட்டியலில் உங்கள் பெயர்

கொட்டாஞ்சேனை,
18.11.2024, திங்கட்கிழமை.

அன்பின் லவினா அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் சுகமாகவும் உயிரோடும் இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நேற்று எங்கள் கோயிலில் உங்கள் ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டார்கள்.

பதற வேண்டாம். உடனே போனைத் தூக்கவும் வேண்டாம். முழுவதையும் படித்து முடியுங்கள். போனில் சொன்னால் பாதியில் நீங்கள் 'சரி சரி, பிறகு கதைப்பம்' என்பீர்கள், நானும் சரி என்பேன், ஒன்பது வருஷம் அப்படித்தான் போயிற்று. கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. வியாழக்கிழமை நஸீறாவின் தம்பி ரிம்ஸான் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். லவினாவின் சி.ஆர். கொப்பியில் கிழித்த தாள் என்பதால் ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும், கோபிக்காதீர்கள்.

நவம்பர் ஆத்துமாக்களின் மாதம் அல்லவா. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு முன் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாசிக்கிறார்கள். நானும் லவினாவும் வழக்கம்போல இடதுபக்கம் மின்விசிறிக்குக் கீழே இருந்தோம். பத்துப் பன்னிரண்டு பெயர் போன பிறகு 'ரொஷான் கொரேரா' என்றார்கள். கொட்டாஞ்சேனையில் கொரேராக்களுக்கு என்ன குறைச்சல், வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். 'கொன்ஸ்ரன்ஸ் கொரேராவின் அன்புக் கணவர்' என்று அடுத்ததாக வாசித்தார்கள். முன் வாங்கில் இருந்த நாலு தலை திரும்பி என்னைப் பார்த்தது. அதற்குள் நித்திய இளைப்பாற்றிச் செபம் தொடங்கிவிட்டது. சனம் எல்லாம் பதில் சொல்லிற்று. நானும் சொன்னேன்.

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. உயிரோடு இருக்கும் புருஷனுக்கு இளைப்பாற்றி கேட்ட பெண்சாதி இந்தப் பங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். லவினா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா, அப்பாக்கு என்ன?' என்று கேட்டாள். அவள் நகம் பதிந்த இடம் இன்றும் சிவந்திருக்கிறது. ஒன்றும் இல்லை, பிழையாக வாசித்துவிட்டார்கள் என்று காதில் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வெளியே வந்தால் மரியாயின் சேனை ஜெசிந்தா அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறா. பெயர் கொடுத்தது அவதான். 'எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே கொன்ஸி, பொடியையும் கொண்டுவரேல்லையா, அங்கேயே அடக்கிட்டாங்களா' என்று கேட்டா. நான் இல்லை அக்கா, அவர் நல்லா இருக்கிறார் என்றேன். அவ என் தலையைத் தடவி, ஓம் பிள்ளை, மோட்சத்தில் நல்லாத்தான் இருப்பார் என்றா. பத்திரிகையில் படித்தாவாம். சிங்களப் பத்திரிகையிலும் வந்ததாம், தமிழிலும் வந்ததாம்.

நேற்றுப் பின்னேரம் லவினா உங்களுக்கு மூன்று முறை அழைத்தாள். நீங்கள் வேலையில் இருந்திருப்பீர்கள், எடுக்கவில்லை. மூன்று முறையும் அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீங்கள் எடுத்து, என்னம்மா விசேஷம் என்று கேட்டபோது, 'சும்மா எடுத்தனான் அப்பா, சாப்பிட்டீங்களா' என்று கேட்டாளே, அந்தச் 'சும்மா'வின் கதை இதுதான்.

இனி, நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று சொல்கிறேன்.

நான் வெள்ளவத்தையில் நஸீறாவின் கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடித்துக்கொண்டிருப்பதாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 'கூடவே' என்று ஒன்று தொடங்கியிருக்கிறோம் என்று போனில் சொன்னேன். என்ன, சீட்டா என்று கேட்டீர்கள். விளக்கத் தொடங்கினேன். அங்கே ஏதோ கட்டடத்தில் லிப்ட் இடையில் நின்றுவிட்டது என்று வைத்துவிட்டீர்கள். பிறகு நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் என் வீம்பும் இருக்கிறது.

அது தொடங்கியது நாகமணி அக்காவால். கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்ய வந்து, கடைக்குப் பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தா. ஆஸ்பத்திரிப் பாரம் நிரப்ப எங்களிடம் வருவா. இரண்டு முறை ஒப்பரேஷனுக்குப் போய் இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏன் என்று தெரியவில்லை என்று அழுதா. மூன்றாவது முறை நான் கூடப் போனேன். நேர்ஸ் பிள்ளை 'கன்ன எப்பா' என்று எத்தனை தரம் சொல்வது என்று சிங்களத்தில் என்னிடம் கத்தினாள். சாப்பிடக் கூடாது என்பதைத்தான் அவள் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறாள். நாகமணி அக்கா கண்ணைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்து, மையைத் துடைத்துவிட்டு, பாணும் பருப்புக்கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறா. நாங்கள் இருவரும் அந்த வாங்கில் இருந்து சிரித்த சிரிப்பு! பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணுக்கும் சாப்பாட்டுக்கும் வித்தியாசம் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் ஒரு மனுசி மூன்று மாதம் வலியோடு கிடந்திருக்கிறா.

இப்போது நாங்கள் பதினெட்டுப் பேர். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள், தெஹிவளையில் இருந்து முஸ்லிம் பிள்ளைகள், மலைநாட்டில் இருந்து வந்து வத்தளையில் குடியிருக்கிறவர்கள். எல்லோருக்கும் தமிழும் சிங்களமும் வாயில் ஓடும். கிளினிக், பொலிஸ், கச்சேரி மாதிரி அரசாங்க ஒபிஸ், எங்கே போக வேண்டுமானாலும் தமிழ் மட்டும் தெரிந்த பெண்களோடு கூடப் போவோம். முடிந்தவர்கள் கொடுப்பதை வாங்குவோம். புதிதாக வருகிறவளுக்கு முதல் வாரம் மூன்று சட்டம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்று, டொக்டர் சொன்னதில் பாதியை விழுங்கக் கூடாது. இரண்டு, உன் பரிதாபத்தை அதில் கலக்கக் கூடாது. மூன்றாவதுதான் பெரிய சட்டம். யாராவது 'இல்லை' என்று சொன்னால் அதோடு விடக் கூடாது. ஒரு பிள்ளைத்தாச்சியிடம் ஊசி போட்டாயா என்றால் இல்லை என்பாள். போடவில்லையா, போட்ட கார்ட் கையில் இல்லையா, ஊரில் அன்றைக்கு ஊசியே இல்லையா? அதனால் என்ன இல்லை, எங்கே இல்லை, எப்போதிருந்து இல்லை என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் டொக்டரிடம் வாய் திறக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இதைப் பாட்டுப் போலச் சொல்லுவார்கள்.

அந்தச் சட்டத்தைப் போட்டவளே அதை மீறினாள்.

செப்டெம்பர் கடைசியில் ரிம்ஸான் லீவில் வந்தான். கடைக்கு வந்து, நான் இரண்டு போனில் மாறி மாறிக் கதைத்துக்கொண்டு ஆட்களை அனுப்புவதைப் பார்த்துவிட்டு, ஆச்சரியப்பட்டுப் போனான். 'அக்கா வேலை செய்றீங்களா? ரொஷான் அண்ணன் மனுசி வீட்ட சும்மாதான் ஈக்கிறா என்டுதானே எல்லாருக்கும் சொல்லுவார்' என்றான். பாவம், கள்ளமில்லாமல் சொன்னான். எனக்குக் காதுக்குள் சூடாக எண்ணெய் விட்டதுபோல இருந்தது. காலையில் ஆறரைக்கு 102 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, ஒரு நாளில் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, பின்னேரம் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே லவினாவின் கணக்கைப் பார்க்கிறேன். சும்மா.

அதற்கு அடுத்த கிழமைதான் நிப்லா வந்தாள். கொழும்பு ஏழில் உள்ள ஒரு பவுண்டேஷனில் வேலை செய்கிற தெஹிவளைப் பிள்ளை. வருஷா வருஷம் அவர்கள் சமூகத் தொழில்முனைவோரான பெண்களுக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள், நஸீறா என்னிடம் கேட்காமலே எங்களுக்காக விண்ணப்பித்திருக்கிறாள். நிப்லா ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டாள். பேர், வயது, படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, 'ஹஸ்பண்ட்?' என்றாள். 'அவர் இல்லை' என்றேன்.

இங்கே இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். கடவுள் சத்தியம். ஆனால் அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைத் தொட்டு, 'சொறி அக்கா' என்றாள். அப்போதுதான் என் வாயில் இருந்து வந்தது அவள் காதில் எப்படி விழுந்தது என்று விளங்கிற்று. திருத்த எனக்கு ஒரு விநாடி போதும். இதுதானே என் தொழில். நான் திருத்தவில்லை. கடைக்குள் புழுக்கம், லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஏன் என்று கேட்பீர்கள். கோபம். வேறொன்றும் இல்லை. என்னை நீங்கள் சும்மா ஆக்கினீர்கள், நான் உங்களை இல்லை ஆக்கினேன். அந்த நேரத்தில் அது சரியான பதில்போலவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை பழி வாங்குவதுபோல. அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

பிறகு அது என் கையை விட்டுப் போய்விட்டது. படம் எடுக்க வந்தவர், கழுத்தில் தாலிக்கொடி மின்னுகிறது, கமெராவுக்குச் சரிவராது, சட்டைக்குள் விடுங்கள் என்றார். விட்டேன். விருதுக்குத் தெரிவானவர்களைப் பற்றிய புத்தகம் ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. அதில் நான் யுத்தத்தில் அடிபட்டுத் தலைநகருக்கு வந்த கைம்பெண்ணாம். மடுத் திருவிழாவைத் தவிர நான் வடக்கையே கண்டதில்லை என்று உங்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் பிறந்து, இரண்டு தெரு தள்ளித் தாலி கட்டினவள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பிறருடைய கண்ணீரைத் துடைக்கப் புறப்பட்டேனாம். நஸீறாவுக்கு ஒரே ஒரு வரி, இடம் கொடுத்து உதவிய கடைக்காரப் பெண் என்று. பத்திரிகைக்காரர் அதை எடுத்துப் போட, ஆங்கிலத்தில் இருந்து சிங்களத்துக்குப் போய், சிங்களத்தில் இருந்து தமிழுக்கு வந்தபோது நீங்கள் நன்றாகவே செத்துவிட்டீர்கள். விருது எங்களுக்குத்தான் என்று போன கிழமை அறிவித்தார்கள். வருகிற சனிக்கிழமை ஒரு பெரிய ஹோட்டலில் விழா.

அந்த விருதில் எனக்குத் தேவையான சாமான் ஒன்றே ஒன்றுதான். எங்கள் பதினெட்டுப் பேருக்கும் ஆஸ்பத்திரிகளுக்குள் போகிற அட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கேட்டில் நிற்கிற சிகியுரிட்டி மனம் வைத்தால்தான் உள்ளே விடுவார். போன மாதம் எங்கள் ஜவாஹிறாவை ஒரு கேட்டில் ஒரு மணித்தியாலம் மறித்துவிட்டார்கள். உள்ளே பத்தொன்பது வயதுப் பிள்ளை, முதல் பிரசவம், தனியாக இருந்து, என்ன என்று தெரியாமல் ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று கர்ப்பத்தடைக்கு வைத்த கையெழுத்து. நல்ல காலம், ஜவாஹிறா உள்ளே ஓடி விஷயத்தை விளக்கின பிறகு அந்தத் தாளைக் கிழித்தார்கள். அவள் வெளியே வந்து வீதி ஓரத்தில் வாந்தி எடுத்தாள். அந்த அட்டை எங்களுக்கு அப்படியானது.

இன்று காலை நான் பவுண்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நேற்று லவினாவின் முகத்தைப் பார்த்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. நிப்லாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் குற்றமில்லை என்று சொல்லச் சொல்ல அழுதாள். பிறகு பணிப்பாளர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா நல்லவிதமாகத்தான் கதைத்தா. தேத்தண்ணீர் தந்தா. ஒன்பது வருஷம் கடல் கடந்து கிடக்கிற மனுஷன் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான், பெண் தலைமை தாங்கும் குடும்பம் என்று விண்ணப்பப் பாரத்தில் போட்டிருப்பதில் பொய் இல்லை என்றா. புத்தகம் அச்சாகிவிட்டது, வெளிநாட்டில் இருந்து உதவி செய்பவர்கள் வருகிறார்கள், மேடையில் அதைக் கிளப்ப வேண்டாம், கிளப்பினால் அட்டை விஷயத்தில் தன்னால் பொறுப்புச் சொல்ல முடியாது என்றா. விருது வாங்கும்போது மகளும் மேடைக்கு வந்து பக்கத்தில் நிற்கட்டும், அழகாக இருக்கும் என்றும் சொன்னா. மங்கல் நிறத்தில் சேலை கட்டச் சொன்னா.

கடைக்கு வந்து நஸீறாவிடம் சொன்னேன். அவள் போட்டோகொப்பி மெஷினை நிறுத்திவிட்டு, 'உசிரோட ஈக்கிற மனிசன மௌத்தாக்கிட்டா எங்களுக்கு அட்டை எடுக்கப் போறாய்?' என்று கேட்டாள். பிறகு அவளே, ஆனால் அட்டை வேண்டுமே கொன்ஸி என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் இருந்துவிட்டாள். கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், இவ்வளவோடு இன்று நிறுத்துகிறேன்.

20ஆம் திகதி, புதன்.

இன்று மத்தியானம் கடைக்குப் பின்னால் எல்லோரையும் கூப்பிட்டுக் கதைத்தேன். அட்டை என்னுடையது மட்டும் அல்லவே. பதினாறு பேர் வந்தார்கள், இடமில்லாமல் மூன்று பேர் வாசலில் நின்றார்கள். நான் உங்களைப் பற்றி அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. சிலர் சிரித்தார்கள், ஒருத்தி, அக்கா எனக்கும் அப்படி ஓர் ஆசை இருக்கு, ஆனால் என்ட மனுசன் முழு நாளும் வீட்டில்தானே கிடக்கிறார் என்றாள். ஜவாஹிறா மட்டும் சிரிக்கவில்லை. 'உங்களுக்கு மனச்சாட்சி, எங்களுக்கு கேட்' என்றாள். 'ஒரு நாள் மேடையில வாய மூடிட்டு நிண்டா என்ன குறைஞ்சு போகும்? உங்கட புருஷன் திரும்பி வந்தா வரட்டும், இனியொரு பிள்ளை வைக்கிற கையெழுத்துத் திரும்பி வருமா?' என்று கேட்டுவிட்டு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டதில் பிழை இல்லை.

நான் பெரிய உத்தமி என்று நினைக்காதீர்கள். நேற்று முழுவதும் வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். மங்கல் சேலை ஒன்றை எடுத்து அயர்ன் பண்ணியும் வைத்துவிட்டேன். லவினா பள்ளிக்கூடத்தால் வந்து அதைப் பார்த்தாள். சனிக்கிழமை நீயும் மேடைக்கு வர வேண்டுமாம் என்றேன். அவள் சோக்ஸைக் கழற்றிக்கொண்டே, 'நான் யாரா வரணும்?' என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. 'அப்பா செத்த பிள்ளையா வரணுமா, அப்பா வராத பிள்ளையா வரணுமா?' என்றாள். சண்டை பிடிக்கிற குரலில் கேட்கவில்லை. எந்தச் சட்டை போடுவது என்று கேட்பதுபோலக் கேட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. நீங்கள் கடைசியாக அவளுடைய எட்டு வயதில் புதுநன்மைக்கு வந்தபோது உங்கள் இடுப்புக்கு நின்றாள். இப்போது என் காதளவு.

சேலையை மடித்து உள்ளே வைத்தேன்.

சனிக்கிழமை மேடையில் நான் சொல்லப்போவதை உங்களுக்கு முதலில் சொல்கிறேன். எங்களுடைய மூன்றாவது சட்டத்தைச் சொல்வேன். அதை நானே எப்படி மீறினேன் என்று சொல்வேன். என் கணவர் ரொஷான் தோஹாவில் லிப்ட் திருத்துகிறார், சுகமாக இருக்கிறார் என்பேன். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், கைம்பெண் இல்லை, யுத்தத்தில் அடிபட்டவளும் இல்லை, இந்த வேலைக்கு அது ஒன்றும் தேவைப்படவில்லை என்பேன். நஸீறாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவேன். நாகமணி அக்காவின் கண் கதையைச் சொன்னால் சனம் சிரிக்கும், சிரிக்கிற நேரம் பார்த்து அட்டையைக் கேட்பேன், எல்லோருக்கும் முன்னால். தந்தால் தரட்டும். தராவிட்டால் திங்கட்கிழமை பழையபடி கேட்டில் நின்று 'ஐயே, கொஞ்சம் விடுங்க' என்று சிகியுரிட்டியிடம் கெஞ்சுவேன். பயமாகத்தான் இருக்கிறது. தராவிட்டால் ஜவாஹிறா என் முகத்தைப் பார்ப்பாளோ தெரியாது.

இதற்கு நான் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

21ஆம் திகதி, வியாழன் காலை.

ரிம்ஸான் பதினொரு மணிக்கு வந்துவிடுவான், அவசரமாக எழுதுகிறேன். காலையில் ஜவாஹிறாவிடம் இருந்து வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்திருந்தது. 'சனிக்கிழமை வாறன். ஆனா கைதட்ட மாட்டன்.' அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டுத்தான் இன்று தேத்தண்ணீர் ஊற்றினேன்.

உங்களிடம் குறை சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைப்பீர்கள். ஓம், குறைதான். ஆனால் உங்கள் குறை மட்டும் இல்லை. இரண்டு வருஷம் என்று போனீர்கள். பிறகு கொரோனா, பிறகு இங்கே பெட்ரோல் கியூவும் கேஸ் கியூவும். நாட்டில் ஒன்றும் இல்லை, வந்து என்ன செய்ய என்றீர்கள், அதுவும் நியாயம்தான். மாதம் தவறாமல் காசு அனுப்பி எங்களைப் பார்த்தீர்கள், அதை ஒருநாளும் மறக்க மாட்டேன். ஆனால் எங்கேயோ ஓரிடத்தில், எந்த வருஷம் என்று தெரியவில்லை, 'எப்ப வாறீங்கள்' என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். நீங்களும் சொல்வதை விட்டுவிட்டீர்கள். நிப்லா கேட்டபோது அந்த வார்த்தை அவ்வளவு சுகமாக வாயில் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதை நினைத்தால்தான் எனக்குப் பயம் வருகிறது, விழாவை நினைத்தால் இல்லை.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூன்று கேள்வியையும் இப்போது உங்களிடம் கேட்கிறேன். என்ன இல்லை? எங்கே இல்லை? எப்போதிருந்து இல்லை? ஆறுதலாக யோசித்து எழுத்தில் பதில் அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

காலையில் ஏழு மணிக்கே கோயில் ஒபிசுக்குப் போனேன், உங்கள் பெயரை வெட்டுவதற்காக. நவம்பர் முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அதே பட்டியலைத்தான் வாசிப்பார்களாம், விட்டிருந்தால் இன்னொரு தரமும் உங்களைச் சாகடித்திருப்பார்கள். பேதுரு அண்ணன் அங்கே எழுத்து வேலை பார்க்கிறார், பெரிய கொப்பியை எடுத்து, அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனையால் உங்களை வெட்டினார். சிரித்துக்கொண்டே, உயிர்த்தெழுந்தவரை வேறு எந்தப் பட்டியலில் போடுவது தங்கச்சி என்று கேட்டார். நோயாளர், நன்றி, பரீட்சை எழுதுவோர், பயணத்தில் இருப்போர் என்று தாள் தாளாக இருந்தது. நன்றிப் பட்டியலில் போடலாம் என்று அவர் சொன்னார். நான் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, பயணத்தில் இருப்போர் பட்டியலில் போடுங்கள் என்றேன்.

ஒன்பது வருஷம் ஒரு பயணமா என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன். ஆனால் ஒன்று சொன்னார். இறந்தவர்களுக்குத்தான் ஒரு தரம் எழுதினால் மாதம் முழுக்க வாசிப்பார்களாம். பயணத்தில் இருப்பவர்களின் பெயரை ஒவ்வொரு கிழமையும் ஆள் வந்து புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம், ஏனென்றால் அவர்கள் வந்து சேர்ந்திருக்கலாம் அல்லவா?

சரி, நான் வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டிசம்பர் நத்தார்ப் பண்டிகை வரைக்கும், ஒவ்வொரு கிழமையும்.

ரிம்ஸானின் ஓட்டோச் சத்தம் கேட்கிறது. மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும். வெயிலில் தலையில் தொப்பியில்லாமல் நிற்க வேண்டாம். லவினா தனியாக ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறாள், நான் படிக்கவில்லை.

பெண்சாதி,
கொன்ஸ்ரன்ஸ்